நாற்பது மீட்டர்

அந்தத் தீவுக்கு அனந்தராமன் ஒருநாளும் போனதில்லை. வடக்கே அவர் போன எல்லை நயாகரா. அதுவும் அமெரிக்கப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியதுதான். பாலத்தைத் தாண்டிக் கனடாவுக்குள் கால் வைத்துவிட்டால் திரும்பி வர விசா முத்திரை கேட்பார்களே என்ற பயம். ஆனாலும் அந்தத் தீவின் கரையில் எங்கே பாறை, எங்கே பனி, கோடையில் எந்த முனை முதலில் கறுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெஸ்ட் வின்ட்சரில் வீடு, ஜெர்சி சிட்டியில் வேலை. கப்பல் கம்பெனிகளுக்குத் துருவக் கடல் வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் அது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கரையோரக் கோடுகளைத் திருத்துவது அவர் பொறுப்பு. பதினைந்து வருடமாக அதைத்தான் செய்கிறார்.

தீவு துருவத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பாதி தேறும். மனிதர் யாரும் இல்லை. நடுவில் பெரிய பனிமேடு, அதிலிருந்து நாலு பக்கமும் கடலுக்கு இறங்கும் பனியாறுகள், ஓரத்தில் கொஞ்சம் கறுப்புப் பாறை. அவ்வளவுதான் பூகோளம். ஆனால் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் வந்த கப்பல்காரர்கள் கிழக்கு முனைக்கு ஒரு சோப்பு முதலாளியின் பெயரை வைத்தார்கள். மேற்கு விரிகுடாவுக்கு ஒரு வங்கிக்காரர் பெயர், பக்கத்துக் குன்றுக்கு அவர் மனைவியின் பெயர். கப்பலுக்குக் காசு கொடுத்த புண்ணியவான்கள் அவர்கள்; ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அடுத்த வருடமும் கப்பல் வேண்டுமே என்று, மூடுபனியில் எதையோ பார்த்துவிட்டு, அதை மலை என்று எழுதி, ஒரு மந்திரியின் பெயரையும் சூட்டிவிட்டார்கள். அப்படி ஒரு மலையே கிடையாது என்று தெரிந்து வரைபடத்திலிருந்து எடுக்க அறுபது வருடம் பிடித்தது. இந்தக் கதையை அனந்தராமன் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களும் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

இரண்டு கோடைக்கு முன்னால், வடக்குப் பக்கத்துப் பனியாறு பின்வாங்கிய இடத்தில், கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும். அடுத்த கோடையிலும் அது அங்கேயே இருந்தது. பனி விலகினதும் வெளியே வந்த குட்டித் தீவு என்று அனந்தராமனுக்குத் தோன்றியது. மூன்று கோடை ஒரே இடத்தில் இருந்தால்தான் நிலம் என்று எழுத வேண்டும் என்பது அலுவலகத்தில் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே அனந்தராமன்தான். அந்த வருடம் மட்டும் அவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

காரணம் அவர் பெண் அதிதி. சென்னையில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவள். பல் விழுந்தது, எழுதப் படிக்க வந்தது, கார் ஓட்டக் கற்றது எல்லாம் நியூ ஜெர்சியில். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். கிரீன் கார்டு வரிசையில் அனந்தராமன் நிற்க ஆரம்பித்தபோது அவள் குழந்தை. வரிசை நகர்வதாகக் காணோம். வருகிற மார்ச்சில் அவளுக்கு இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் முறை வராவிட்டால் அப்பாவின் வரிசையிலிருந்து அவள் பெயர் தானாக விழுந்துவிடும். அப்புறம் அவள் அயல்நாட்டு மாணவி. படிப்பு முடிந்ததும் அவளாக ஒரு வேலை, அவளாக ஒரு விசா தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டென்பது வெஸ்ட் வின்ட்சரில் எல்லோருக்கும் தெரியும். அசாதாரணத் திறமைசாலிகளுக்கென்று தனி வரிசை இருக்கிறது. அதில் இடம் பிடித்தால் பழைய வரிசையில் சேர்ந்த தேதியையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம், சில வாரத்தில் காரியம் முடியும். அசாதாரணம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும், அதுதான் சங்கடம். ஆகவே நம்மவர்கள் ஒருவரை ஒருவர் அசாதாரணமாக்கிக்கொள்வதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். இவர் பிள்ளையின் அறிவியல் கண்காட்சிக்கு அவர் நடுவர். அவர் கட்டுரைக்கு இவர் மதிப்புரை. தமிழ்ச் சங்கம் வருடத்தில் நாலு பேருக்குப் பொன்னாடை போர்த்தும். சான்றிதழ் ஆங்கிலத்தில் அச்சாகும்.

குட்டித் தீவைப் பற்றிக் கேட்டதும், அவர்கள் விசா விவகாரங்களைக் கவனிக்கிற வக்கீலான அட்டர்னி அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதை வைத்தே மனுவைக் கட்டிவிடலாம் என்றாள். ஆனால் பெயரில்லாத புள்ளியை அதிகாரியிடம் எப்படிக் காட்டுவது, ஒரு பெயர் இருந்தால் நல்லது என்றும் சொன்னாள். அனந்தராமன் ஒரு ஆராய்ச்சி இதழில் சின்னக் குறிப்பு எழுதினார். தீவு எந்த நாட்டுக்குச் சொந்தமோ அந்த நாட்டில் இடங்களுக்குப் பெயர் வைக்கிற பெயர்க்குழுவுக்கும் விண்ணப்பித்தார்.

செய்தி சங்கத்துக்கு எட்டியதும் ஒரே அமளி. சோழ ராஜா பெயர்தான் வைக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி, ஆழ்வார் பெயர்தான் என்று இன்னொரு கோஷ்டி. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் அதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பெயர்க்குழு இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. ஆட்களின் பெயரை வைக்கிற காலம் போய்விட்டது, தெற்கே இருக்கிற வேட்டைக்காரர்களின் மொழியில்தான் இனிமேல் பெயர் என்று எழுதி, தற்காலிகமாக ஒரு பெயரும் கொடுத்தது. அந்தப் பெயர் அனந்தராமன் வாயில் நுழையவில்லை. பொருள் மட்டும் தெரியும்: தள்ளி நிற்பது.

அக்டோபர் இரண்டாம் வாரம், சனிக்கிழமை சங்கத்தில் அவருக்குப் பாராட்டு விழா. திங்கட்கிழமை மனு போகிறது. வியாழக்கிழமை மத்தியானம் அனந்தராமன் அலுவலகத்தில் அந்த வருடத்தின் கடைசிப் படத்தைத் திறந்தார். சில நாளில் அங்கே சூரியன் அஸ்தமித்துவிடும். அப்புறம் மார்ச் பிறக்கும்வரை விடியாது. சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடலாம் என்றுதான் திறந்தார்.

தீவு அவர் வரைந்த கோட்டுக்குள் இல்லை. நாற்பது மீட்டர் வடகிழக்கே நகர்ந்து, கொஞ்சம் திரும்பியும் இருந்தது. படத்தில் கோளாறு என்று முதலில் நினைத்தார். பக்கத்துப் பாறைகளைப் பார்த்தார்; ஒவ்வொன்றும் அதனதன் கோட்டில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. நிலம் நகராது. நகர்ந்தது நிலமல்ல, பனியாற்றிலிருந்து உடைந்து தரைதட்டி நின்ற பனிக்கட்டி. மேலே கல்லும் மண்ணும் படிந்து தீவு மாதிரி ஏமாற்றியிருக்கிறது. அவருக்கு மந்திரி மலையைக் கண்டுபிடித்தவனைப் பார்த்து இத்தனை வருடம் சிரித்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டார். அபயாம்பாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் ஒருதரம் சொன்னால் போதும். குறுக்கே பேசாமல் கேட்டாள். வேறு யார் இதைப் பார்த்திருக்கிறார்கள் என்றாள். யாருமில்லை என்றார். இனிமேல் யாராவது பார்ப்பார்களா என்றாள். இருட்டிலும் படம் எடுக்கிற ராடார் உண்டு, ஆனால் அந்த மூலையில் கிடக்கிற புள்ளிக்காக யார் மெனக்கெடப் போகிறார்கள் என்றார்.

"அப்ப என்ன? நாலு மாசம் இருட்டு. நாம ஒண்ணும் பொய் சொல்லலை, வாயைத் தொறக்காம இருக்கோம், அவ்வளவுதான். மார்ச்ல விடிஞ்சதும் நீங்களே எழுதுங்கோ, நகர்ந்துடுத்துன்னு."

"தெரிஞ்சுண்டே கையெழுத்துப் போடறது தப்பில்லையா அபயா?"

"தீவு நகர்ந்தா நகரட்டும். எம் பொண்ணு நகரக்கூடாது."

உண்மையைச் சொன்னால், அவள் அப்படிச் சொல்ல மாட்டாளா என்று எதிர்பார்த்துத்தான் அவர் சொன்னதே. சரி என்றார். அன்றும் மறுநாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் சாதத்தை அளைந்துகொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். விழாவுக்காக வியாழக்கிழமையே காலேஜிலிருந்து வந்திருந்த அதிதி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை அபயாம்பாள் முன்னாடியே போய்விட்டாள். விழாவுக்குப் புளியோதரை அவள் பொறுப்பு. அனந்தராமனும் அதிதியும் பின்னால் கிளம்பினார்கள். அதிதி மேடையில் வைப்பதற்காக ஒரு பெரிய வரைபடம் தயார் பண்ணியிருந்தாள். தீவு முழுவதும், பனிமேடும் நாலு பனியாறுகளும், சோப்பு முதலாளியும் வங்கிக்காரர் மனைவியும், வடக்கே தள்ளி ஒரு கறுப்புப் புள்ளியும் அதன் பெயரும். அழகாகத்தான் இருந்தது. துணி சுற்றிப் பின் சீட்டில் வைத்திருந்தாள்.

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சிக்னலுக்கு நின்றபோது அதிதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

"அப்பா, மேப்புக்கு லேட்டஸ்ட் இமேஜ் யூஸ் பண்ணினேன், போன வாரத்தது. உங்க அவுட்லைனுக்கு ஐலண்ட் மேட்ச் ஆகலை. அதனால நான் ஐலண்டைக் கொஞ்சம் நகர்த்தி உங்க லைனுக்குள்ள வெச்சுட்டேன்."

சிக்னல் பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் அனந்தராமன் வண்டியை எடுத்தார். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அப்பாவின் கோட்டை நம்பியிருக்கிறாள் இந்தப் பெண். கோடு தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்த தப்பை அவள் கையால் செய்துவிட்டாள், அதுவும் ஒன்றும் தெரியாமல். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. விழா நடக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தினார்.

அரங்கில் இருநூறு பேருக்குக் குறையாது. பரதநாட்டியம், குழந்தைகளின் திருக்குறள் எல்லாம் முடிந்து அவர் முறை வந்தது. சங்கத் தலைவர் சாய்ராம் ஒரு மருந்துக் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர், தங்கமான மனுஷர். "துருவம் கண்ட தமிழர்" என்று முழங்கி அவரை மேடைக்கு அழைத்தார். பின்னால் அதிதியின் வரைபடம் நின்றது. அனந்தராமன் மைக்கை வாங்கினார்.

"இந்தப் படத்துல வடக்கே ஒரு புள்ளி இருக்கு பாருங்கோ. அது தீவு இல்லை. ஐஸ். வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்சுது. நாற்பது மீட்டர் நகர்ந்திருக்கு. நான் இன்னும் ஒரு கோடை காத்திருக்கணும், அவசரப்பட்டுட்டேன். திங்கட்கிழமை பெயர்க்குழுவுக்கு எழுதிடுவேன். என்னை மன்னிக்கணும்."

பின்வரிசையில் ஒரு மாமா, அப்போது தீவு எங்கே போயிற்று என்று பக்கத்தில் இருந்தவரை உரக்கக் கேட்டார். கோஷ்டித் தலைவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றோடு அவர்கள் ராசியானதாகக் கேள்வி. சாய்ராம்தான் சமாளித்தார். ஷால் வாங்கியாச்சு சார், போர்த்திக்கோங்க என்று காதில் சொல்லிவிட்டு, "தீவு இல்லை என்பதையும் தாமே கண்டு சொன்ன தமிழர்" என்று மைக்கில் அறிவித்துப் பொன்னாடையைப் போர்த்தியேவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோவில் அனந்தராமன் பிடித்து நிறுத்தப்பட்ட திருடன் மாதிரி இருக்கிறார்.

கூட்டத்தில் அவர் அபயாம்பாளைத் தேடினார். பக்கவாட்டில் புளியோதரைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனாள். இரவு வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் நல்லவர். எங்களுக்கு?"

திங்கட்கிழமை அட்டர்னி அம்மாள் மனுவை நிறுத்திவிட்டாள். தீவு இல்லாமல் மிச்சமிருப்பது மூன்று அறிவியல் கண்காட்சியும் ஒரு பொன்னாடையும்தான், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்றாள். வேறு ஏதாவது சாதித்துக்கொண்டு அடுத்த வருடம் வரச் சொன்னாள். அதிதி அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. காலேஜ் அலுவலகத்துக்குத் தானே போய் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தாள். நியூ பிரன்ஸ்விக்கில் சிநேகிதிகளோடு தங்கிக்கொண்டாள், வார இறுதிகளில் வருவதையும் குறைத்துக்கொண்டாள். அபயாம்பாள் வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள். கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அனந்தராமன் அந்தக் குளிர்காலத்தை அப்படியே தள்ளினார். ஒரே ஒரு எண்ணம்தான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. பெண்ணைத் தன் பொய்யில் கூட்டு சேர்க்கவில்லை, எது போனாலும் அவள் கை சுத்தம்.

மார்ச் முதல் வாரம் தீவில் சூரியன் எட்டிப் பார்த்தது. முதல் படத்தில் வடக்கே அந்த இடத்தில் வெறும் கடல் பனி. கறுப்புப் புள்ளி இருந்த அடையாளமே இல்லை, குளிர்காலப் புயலில் எங்கோ போய்விட்டது. வேறு யாரும் அதைத் தேடவும் இல்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. பெயர்க்குழு நன்றி சொல்லிப் பெயரை நீக்கியது. மந்திரி மலைக்கு அறுபது வருடம், இதற்கு ஐந்தே மாதம்.

பத்து நாள் கழித்து அதிதிக்குப் பிறந்த நாள். காலையில் அட்டர்னி அலுவலகத்துக் கம்ப்யூட்டர், மனுதாரர்களின் குழந்தைகளுக்கு வழக்கமாக அனுப்புகிற வாழ்த்தை அனுப்பியது; பலூன் படம் போட்டு. வரிசையிலிருந்து அவள் பெயர் விழுந்த நாளும் அதுதான். அபயாம்பாள் பாயசம் வைத்திருந்தாள். மத்தியானம் அதிதி வந்து சாப்பிட்டுவிட்டு, கராஜில் சுவரோரம் கிடந்த வரைபடத்தை எடுத்து வந்தாள். தன் அறையில் மாட்டிக்கொள்ளப் போகிறாளாம்.

அனந்தராமன் பாயசக் கிண்ணத்தோடு வாசற்பக்கம் நின்றிருந்தார்.

"அது தப்பான மேப் அதிதி. அந்தப் புள்ளி அங்க இல்லை."

"தெரியும்ப்பா."

"அன்னிக்கு உனக்குத் தெரியலை. உன்னை அதுல இழுத்து விட்டுட்டேனேன்னு..."

"அன்னிக்கே தெரியும்." அவள் துணியை உதறி வரைபடத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். "பக்கத்து ராக்ஸ் எல்லாம் உங்க லைன்ல கரெக்டா இருந்தது. இது மட்டும் இல்லை. ஐலண்ட் நகராதுன்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து நீங்க சொல்ற கதைதானே."

"அப்புறம் ஏன் நகர்த்தினே?"

"நீங்க ரெண்டு நாளா சாப்பிடலை. நீங்களும் பார்த்துட்டீங்கன்னு புரிஞ்சுது. நானும் உங்களோட இருக்கேன், எதுவும் சொல்லிடாதீங்கோன்னு சொல்றதுக்குத்தான் கார்ல அப்படிச் சொன்னேன். எனக்கு இங்க இருக்கணும்ப்பா."

அனந்தராமன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குளிர்காலம் முழுக்க அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதலும் போயிற்று. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் கேட்ட ஒன்றை அவர் இருநூறு பேர் முன்னால் இல்லை என்று சொல்லியிருக்கிறார். வரைபடத்தின் ஒரு முனையை அவளுக்காகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கோபமா?"

"அப்ப பயங்கரக் கோபம்."

"இப்ப?"

அதிதி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். வரைபடத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இப்ப எனக்கு இருபத்தொண்ணு ஆயிடுத்துப்பா," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.